வண்டிப்பாதையை மூடிய சீமைக் கருவேலம்: வெட்டுவதா, தோண்டுவதா?

ஊரணிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் கமுதிப் பக்கம், கரிசல் மண். ஊரிலிருந்து ஊரணிக்குப் போகும் வண்டிப்பாதை, நீளம் சுமார் 700 மீட்டர். அந்தக் காலத்தில் இரண்டு மாட்டுவண்டி எதிரெதிரே விலகிப் போன பாதை என்கிறார்கள். இப்போது ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். பெரும்பகுதி சீமைக் கருவேலம். கட்டைவிரல் தடிமனில் இருந்து தொடை தடிமன் வரை இருக்கிறது. அதன்மேல் வேலிப்பருத்தியும் கோவைக்கொடியும் படர்ந்து கூரை போட்ட மாதிரி ஆகிவிட்டது. கடைசி 80 மீட்டர் ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை ஒட்டிப் போகிறது, அங்கே நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர்.

விறகு வியாபாரி ஒருவர் காசு வாங்காமலே வெட்டித் தருகிறேன் என்கிறார். ஜேசிபி வைத்து இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்று இன்னொரு பேச்சு. எதை முதலில் செய்வது? வெட்டியது திரும்பத் தழையாமல் இருக்க என்ன வழி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காடு

தம்பி, விறகுக்காரர் கணக்கை முதலில் புரிந்துகொள்ளுங்கள். அவருக்கு வேண்டியது தடி. தரையோடு அல்லது ஒரு சாண் விட்டு வெட்டி, தடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். கரிமூட்டத்துக்கோ செங்கல் சூளைக்கோ போகிற சரக்கு அது. வேரடியை அவர் தொடவே மாட்டார். சீமைக் கருவேலத்தின் உயிர் மண்ணுக்குக் கீழே ஓர் அடிக்குள் இருக்கும் அந்தக் கொண்டைப் பகுதியில்தான் இருக்கிறது. தண்டும் வேரும் சேர்கிற இடம் அது, உறங்கும் மொட்டுகள் எல்லாம் அங்கேதான். மேலே வெட்டினால் அத்தனையும் விழித்துக்கொள்ளும். ஒரு தண்டு நின்ற இடத்தில் ஏழெட்டுத் தண்டு வரும், மழை கிடைத்தால் அடுத்த வருடமே ஆள் உயரம். இப்போது இருப்பதைவிட அடர்த்தியான புதர்தான் மிஞ்சும். காசு வாங்காமல் வெட்டிக் கொடுப்பதன் விலை அதுதான்.

அவரைப் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு: அடிமரத்தை இடுப்பளவு, சுமார் 3 அடி விட்டு வெட்டச் சொல்லுங்கள். மூன்றடி விறகு போகிறதே என்று முனகுவார். தோண்டி எடுத்த பிறகு அதையும் வேர்க்கட்டையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்வார். வேர்க்கட்டைக்கும் விலை உண்டு.

அந்த மூன்றடிதான் நெம்புகோல். மரத்தைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளி வட்டமாக மண்ணை எடுங்கள். பக்கவேர்கள் தெரியும், ஒவ்வொன்றையும் கோடரியால் இரண்டு இடத்தில் வெட்டி நடுத்துண்டை உருவி வெளியே போடுங்கள். ஒரே இடத்தில் வெட்டினால் மரத்தை ஆட்டும்போது வேர் முட்டிக்கொண்டு நிற்கும். பிறகு அடிமரத்தின் தலையைப் பிடித்து நான்கு பக்கமும் ஆட்டினால் ஆணிவேர் எங்கே இறங்குகிறது என்று தெரியும். ஓர் அடிக்குக் கீழே கடப்பாரையின் தட்டை முனையால் அதை வெட்டுங்கள். அதற்கும் கீழே இருக்கிற வேரைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். கொண்டை போய்விட்டால் அடிவேர் தனியாகத் துளிர்க்காது, மட்கிவிடும்.

கட்டைவிரல் தடிமன் கன்றுகளுக்கு இவ்வளவு வேண்டாம். ஒரு பக்கம் கடப்பாரையைச் சாய்வாக இறக்கி நெம்பி, மறுபக்கம் இருந்து இழுத்தால் வந்துவிடும். கையில் வந்த வேர் ஒரு சாணுக்குக் குறைவாக இருந்தால் கொண்டை உள்ளேதான் இருக்கிறது, மறுபடி தோண்டுங்கள்.

ஊரணிக்கரை

நன்றி அண்ணாச்சி. கரிசல் இப்போது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கடப்பாரை இறங்குமா?

கரிசல்காடு

இறங்காது. கோடையில் கரிசலில் தோண்டுவது ஆளைக் கொல்கிற வேலை, வேரும் பாதியில் முறியும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மேல்மண் காலில் ஒட்டாமல் உள்ளே ஈரம் இருக்கிற தை, மாசிதான் ஏற்ற காலம். இன்னொரு காரணமும் உண்டு. பங்குனிக்கு மேல் நெற்று பழுத்து உதிர ஆரம்பித்துவிடும். அதற்கு முன்பே எடுத்துவிட்டால் அந்த வருடத்து விதை மண்ணில் சேராது. மேலே உள்ள கிளை, கொடி எல்லாவற்றையும் இப்போதே கழித்து ஆள் நடக்க வழி செய்துகொள்ளுங்கள். தோண்டும் வேலையைத் தைக்கு வையுங்கள்.

புலப்படம்

தோண்டுவது இருக்கட்டும், முதலில் காகிதம். கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். புலப்பட நகல் வாங்கி, நில அளவர் மூலம் எல்லைக் கற்களைக் கண்டுபிடியுங்கள். இந்த மாதிரி அடைந்த பாதையில் கல் பெரும்பாலும் புதருக்குள் மண்ணோடு கிடக்கும். கண்டதும் சுண்ணாம்பு அடித்து, பக்கத்தில் உயரமான கம்பு நட்டு, துணி கட்டிவிடுங்கள். ஜேசிபி வாளி ஒரு கல்லைப் புரட்டிவிட்டால் அந்த இடத்தில் பாதை எங்கே, பட்டா எங்கே என்ற தகராறு தலைமுறைக்கும் நிற்கும்.

புறம்போக்கில் நிற்கும் மரத்தை யாரும் தன்னிச்சையாக வெட்டி விற்கக் கூடாது. ஊராட்சியில் தீர்மானம் போட்டு, விறகை ஏலத்தில் விட்டு, பணத்தை ஊராட்சிக் கணக்கில் கட்டுவதே முறை. விறகுக்காரர் "இலவசமாக" வெட்டுவது அந்த ஏலத் தொகையைத்தான் என்பதையும் ஊரில் பேசிக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை வைத்தே வேர் தோண்டுகிற கூலியில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம்.

வழியில் பனை இருந்தால் தொட வேண்டாம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

மலையடிவாரம்

வெட்டுவதற்கு முன்னால் எது சீமைக் கருவேலம், எது இல்லை என்று ஓர் ஆள் நடந்து பார்த்துக் குறி போட வேண்டும். அவசரத்தில் நாட்டுக் கருவேலமும் வன்னியும் சேர்ந்து போய்விடுகின்றன. அவற்றை இழப்பது பெரிய நட்டம். காலியான இடத்தில் மறுபடி சீமைக் கருவேலம் வராமல் நிழல் போட்டுத் தடுக்கப் போவதே அவைதான்.

பூ இருந்தால் எளிது. நாட்டுக் கருவேலத்துக்கு மஞ்சள் உருண்டை, சீமைக்கு விரல் நீளக் கதிர். காயும் அப்படியே: நாட்டுக் கருவேலத்தின் காய் மணிமாலை போல விதைக்கு விதை இடுங்கி, சாம்பல் பூத்து இருக்கும். சீமையின் நெற்று மஞ்சளாக, தட்டையாக, இனிப்பாக இருக்கும். பூவும் காயும் இல்லாத கன்றில் இலையைப் பாருங்கள். சீமையில் இலைக்காம்பிலிருந்து ஒன்று அல்லது இரண்டு, மிஞ்சினால் மூன்று ஜோடிக் கிளைக்காம்புகள்தான் பிரியும். நாட்டுக் கருவேலத்தில் மூன்றுக்குக் குறையாது, ஐந்தாறு ஜோடிகூட இருக்கும். வன்னிக்கும் கதிர்ப்பூதான், இலையும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும், அதனால்தான் ஏமாறுகிறார்கள். முள்ளைப் பாருங்கள்: சீமையில் முள் கணுவில் முளைக்கும், நீளமாக இருக்கும். வன்னியில் இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டில் சின்னச் சின்னதாகச் சிதறி இருக்கும்.

விட வேண்டிய மரத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு வளையம் போடுங்கள். விட வேண்டியதற்குக் குறி போட மறந்தால் அந்த மரமே போய்விடும். எனவே அந்த நடையை இரண்டு பேர் தனித்தனியாக நடப்பது நல்லது.

பறவைக் கூடும் பாருங்கள். உங்கள் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களிலேயே நீர்ப்பறவைகள் கருவேல மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. ஊரணிப் பக்கத்து மரத்தில் கொக்கோ நாரையோ கூடு வைத்திருந்தால் குஞ்சு பறக்கும் வரை அந்த மரத்தை விட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம்.

அரம்பப்பல்

கிளை கழித்து வழி எடுப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதில்தான் ஆட்கள் காயப்படுகிறார்கள்.

முன்னால் ஒருவர் கவைக்கம்போடும் வெட்டரிவாளோடும் போக வேண்டும். கவையால் முள்கிளையை உடம்பிலிருந்து விலக்கி அழுத்திப் பிடித்து, அடியில் ஒரே வெட்டு. கையால் கிளையைப் பிடித்து வெட்டுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம், வளைந்த கிளை விடுபட்டு முகத்தில் அடிக்கும். வெட்டியதை எப்போதும் அடிப்பக்கம் பிடித்து இழுங்கள். நுனியைப் பிடித்து இழுத்தால் கிளைகள் விரிந்து வழியெல்லாம் மாட்டும். குவிக்கும்போது எல்லா அடியும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். அள்ளுகிறவருக்கு அதுதான் பாதுகாப்பு. மேலே படர்ந்த கொடியை முதலில் தரையில் வெட்டிவிட்டு நான்கைந்து நாள் காயவிடுங்கள். பச்சையாக இழுத்தால் மேலே காய்ந்து தொங்குகிற கிளையையும் சேர்த்துத் தலையில் போடும். காய்ந்தால் துறட்டியால் சொடுக்கினாலே விழும்.

அடுத்து இயந்திரம். புதர் வெட்டும் பிரஷ்கட்டரில் நைலான் நரம்பு நாயுருவிக்கும் புல்லுக்கும் மட்டும்தான். விரல் தடிமன் கன்றுக்கு மூன்று பல் இரும்புத் தகடு. அதற்கு மேல் என்றால் வட்ட ரம்பத் தகடு. மணிக்கட்டு தடிமனைத் தாண்டினால் சங்கிலி ரம்பம் எடுங்கள், பிரஷ்கட்டரைப் போட்டு வருத்தாதீர்கள்.

தகடு மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதனால் வலமிருந்து இடமாக வீசுங்கள், தகட்டின் இடப்பக்கத்தால் வெட்டுங்கள். கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் 12 முதல் 3 வரை உள்ள பகுதியில் கெட்டியான தண்டு பட்டால் இயந்திரம் தூக்கி அடிக்கும். வெட்டியது இடப்பக்கம் விழும். எனவே ஏற்கெனவே சுத்தம் செய்த பக்கம் இடப்புறம் இருக்கிற மாதிரி நடந்து போங்கள். சுற்றி 15 மீட்டருக்குள் இன்னோர் ஆள் நிற்கக் கூடாது. கரிசலில் கல் குறைவுதான், ஆனால் பழைய வேலிக் கம்பியும் உடைந்த பாட்டிலும் எங்கும் கிடக்கும். முகமூடித் தகடு, காலுக்கு முழங்கால் வரை கவசம், கெட்டி பூட்ஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

ஊரணிக்கரை

வாடகைக்கு எடுக்கிற இயந்திரம்தான். பெட்ரோலில் எண்ணெய் எவ்வளவு கலப்பது?

அரம்பப்பல்

டூ ஸ்ட்ரோக் என்றால் மட்டும் கலக்க வேண்டும். கையேட்டில் 50:1 என்று இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி டூடி (2T) ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரத்தில் ஆயிலுக்குத் தனி இடம் இருக்கும், பெட்ரோலில் கலக்கக் கூடாது. வாடகைக் கடையில் எது என்று கேட்டு எழுதி இயந்திரத்திலேயே ஒட்டிவிடுங்கள். வெறும் பெட்ரோலில் ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

நேர்த்தண்டு பிரஷ்கட்டர்களில் தகட்டைப் பிடிக்கும் நட்டு இடப்புரி. கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும். தெரியாமல் இடப்பக்கம் முறுக்கி இழைகளை நாசம் பண்ணுகிறவர்கள் நிறையப் பேர். தகட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள். பற்றவைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

முதலுதவி

மூன்று விஷயம் சொல்ல வேண்டும், மூன்றுமே இந்த வேலையில் நிச்சயம் வரக்கூடியவை.

முதலாவது பாம்பு. புதரை இரண்டு பக்கமும் இருந்து வெட்டிக்கொண்டு நடுவுக்கு வராதீர்கள். உள்ளே இருப்பது ஓட வழி இல்லாமல் நடுவில் மாட்டும். ஒரு முனையில் தொடங்கி, திறந்த வெளி இருக்கிற பக்கம் நோக்கிப் போங்கள். நீண்ட கம்பால் தரையைத் தட்டி, கொஞ்சம் பொறுத்து, பிறகு நுழையுங்கள். சுருட்டை விரியன் சருகுக்கும் கல்லுக்கும் நடுவே அசையாமல் கிடக்கும், சத்தத்துக்கு ஓடும் என்று நம்ப முடியாது. இரவு போட்டுவைத்த குவியலில் மறுநாள் காலை நேராகக் கை விடவே கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து 108 அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். கதண்டு என்கிற விஷக் குளவியின் கூடு இருந்தால் புகை போட்டுப் பார்க்க வேண்டாம், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது முள். சீமைக் கருவேல முள் சதைக்குள் ஒடிந்து நின்றால் வீங்கிச் சீழ் வைக்கும். வேலை தொடங்குவதற்கு முன்பே எல்லோரும் டெட்டனஸ் ஊசி போட்ட விவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணில் முள்ளோ கிளையோ பட்டு, மறுநாள் வலியும் சிவப்பும் இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். செடி பட்ட காயத்தில் பூஞ்சைத் தொற்று வரும். மருந்துக் கடையில் தானாக வாங்கி விடுகிற ஸ்டீராய்டு சொட்டு மருந்து அதை மோசமாக்கிப் பார்வையையே எடுத்துவிடும்.

மூன்றாவது, பலருக்குத் தெரியாதது: உண்ணிக் காய்ச்சல். புதரில் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடிப்பதால் வருவது. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் தலைவலியும் வரும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கலாம், வலிக்காது. மருத்துவரிடம் "புதர் வெட்டினேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்தில் குணமாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். வேலை முடிந்ததும் அங்கேயே உட்காராமல், வீட்டுக்கு வந்து உடுப்பை வெந்நீரில் நனைத்து, சோப்புப் போட்டுக் குளியுங்கள். புதர்மேல் சட்டையைக் கழற்றிக் காயப்போடுகிற பழக்கத்தையும் விடுங்கள்.

காலிமனை

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். மதுரையில் வீட்டுக்கு அடுத்த காலி மனை முழுக்க பார்த்தீனியம். உப்புத் தண்ணீர் அடித்தால் போகும் என்கிறார்களே, சரியா?

மலையடிவாரம்

போகும். லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு, ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் நேரத்தில் இலை நனையும்படி அடித்தால் கருகிவிடும். ஆனால் அந்த உப்பு மண்ணிலேயே நிற்கும். வீடு கட்டப் போகிற மனை, ஓரத்துக் கட்டடம் இருந்தால் அதன் அடித்தளம், பக்கத்துத் தென்னை எல்லாவற்றுக்கும் கேடு. சிமெண்டுத் தளத்தின் இடுக்கில் முளைத்ததற்கு மட்டும் அடிக்கலாம்.

மனைக்கு ஒரே நல்ல வழி, பூப்பதற்கு முன் ஈர மண்ணில் வேரோடு பிடுங்குவது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், முளைத்து ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும். எனவே மழைக்குப் பின் மூன்றாவது வாரம் இறங்க வேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்குக்குத் துணி கட்டாயம். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் ஒருமுறை பிடித்தால் அந்தச் செடி இருக்கிற பக்கமே போக முடியாத நிலைக்கு ஆளாக்கும். பூத்துவிட்டால் பிடுங்கியதைச் சாக்கில் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். பிறகு தகரை விதையை மழைக்கு முன் நெருக்கமாகத் தூவுங்கள். மழையில் முந்திக்கொண்டு எழும்பி இதை அமுக்கும். இலையில் வரிவரியாக வண்டு இருந்தால் கொல்லாதீர்கள். 1980களில் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து பெங்களூருவில் விட்ட வண்டு அது, பார்த்தீனியத்தைத்தான் தின்னும்.

வெற்றிலைக்கொடிக்கால்

ஜேசிபி வேண்டாம் என்று எல்லோரும் ஒதுக்குவது சரியில்லை. 700 மீட்டரில் தொடை தடிமன் மரங்களைக் கையால் தோண்டுவதற்கு ஆள் எங்கே கிடைக்கிறது? மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டால் வேரும் போய்விடும், எங்கள் பக்கம் அப்படித்தான் செய்கிறார்கள்.

கரிசல்காடு

ஜேசிபியை யாரும் ஒதுக்கவில்லை. எந்த இடத்தில், எப்படி என்பதுதான் கேள்வி. பாதையின் நடுவில் நிற்கும் பெரிய மரத்துக்குத் தாராளமாக வைக்கலாம். ஓட்டுநரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். வாளிப் பல்லை மரத்தின் ஒன்றரை அடி பின்னால் இறக்கி அடியிலிருந்து தூக்க வேண்டும், மரத்தை மேலே முட்டித் தள்ளக் கூடாது. தள்ளினால் கொண்டைக்கு மேலே முறிந்து, கட்டை மண்ணுக்குள் மறைந்துவிடும். மழையில் தழைத்த பிறகுதான் தெரியும். அடுத்தது, மேல்மண்ணை வழித்துப் பாதை ஓரத்தில் அணைகட்டுகிற வேலை வேண்டாம். அந்த மேல் நான்கு அங்குலத்தில்தான் பல வருடத்து விதை கிடக்கிறது. அதை 700 மீட்டருக்கும் பரப்பிக் கொடுத்த மாதிரி ஆகும். மணிக்கணக்கில் வாடகை என்பதால் ஓட்டுநர் வேகமாகத்தான் போவார். கூடவே ஓர் ஆள் நடந்து, எடுத்த ஒவ்வொரு கட்டையிலும் கொண்டை முழுசாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வேலைக்கு முன் கூட்டுக் குடிநீர்க் குழாய் எங்கே போகிறது என்று ஊராட்சியில் கேளுங்கள். மேலே மின்கம்பி போகிற இடத்தையும் பார்த்து வையுங்கள்.

தீ வேண்டாம். நின்ற கட்டையில் கொளுத்தினால் மேல்பட்டை கருகும், ஓரடிக் கீழே இருக்கிற மொட்டுக்குச் சூடு எட்டாது. மண்ணெண்ணெயும் டீசலும் ஊரணிக்குப் போகிற வரத்துக்கால் பக்கத்தில் ஊற்றுவது குடிநீரில் ஊற்றுவதுதான். காற்றடிக்கிற கோடையில் பனையின் காய்ந்த ஓலையில் தீ ஏறினால் அணைக்க முடியாது. களைக்கொல்லி என்று யாராவது கிளைபோசேட் சொல்வார்கள். உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்கள் வழியாகத்தான் அதைப் பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு உத்தரவு போட்டது. கொண்டையை எடுத்துவிட்டால் அதற்குத் தேவையே இல்லை.

கண்மாய்மடை

வரத்துக்கால் ஓரத்து 80 மீட்டருக்குத் தனிக் கணக்கு. அங்கே ஜேசிபியை இறக்கவே வேண்டாம்.

கரையில் நிற்கும் மரத்தைப் பிடுங்கினால் குழி விழும். அந்தக் குழியை அள்ளிய மண்ணால் அப்படியே மூடிவிட்டால் முதல் வெள்ளத்தில் அந்த இடத்தில் நீர் கசிந்து, மண் அரித்து, கரை உடையும். குழியில் இருக்கிற வேர்த்துண்டு, சருகு எல்லாவற்றையும் வழித்து எடுங்கள். மட்கினால் உள்ளே ஓட்டை விழும். பிறகு களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக் கட்டையால் இடித்து மேலே வாருங்கள். கரைமட்டத்துக்கு மேல் நான்கு விரல் மேடாக விடுங்கள், அமுங்கி வரும். பாதையில் உள்ள குழிகளுக்கும் இதே முறைதான், இல்லாவிட்டால் டிராக்டர் சக்கரம் இறங்கும்.

கரையின் உடம்பிலேயே வேர் ஓடி நிற்கிற மிகப் பெரிய மரம் இருந்தால் இப்போது தோண்ட வேண்டாம். வெட்டிவிட்டு, நாற்பது நாளுக்கு ஒருமுறை துளிரை ஒடித்துக்கொண்டே இருங்கள். அடுத்த கோடையில் கால்வாய் வறண்டிருக்கும்போது கரையைச் சேர்த்துக் கட்டுகிற வேலையோடு எடுக்கலாம்.

நெய்வேலிக் காட்டாமணக்கு இதற்கு நேர் எதிரான குணம். அதன் வேர் லேசில் வந்துவிடும், ஆனால் ஒரு சாண் தண்டு ஈரத்தில் கிடந்தால் போதும், கணுவில் வேர் விட்டுப் புதுச்செடி ஆகும். எனவே கால்வாய் காய்ந்த சித்திரை, வைகாசியில் இறங்குங்கள். தண்ணீர் வரும் தலைப்பிலிருந்து ஊரணியை நோக்கி வேலை செய்யுங்கள். கீழிருந்து தொடங்கினால் மேலே விட்ட துண்டு அடுத்த தண்ணீரில் வந்து சுத்தம் செய்த இடத்தில் ஊன்றிக்கொள்ளும். தூர் எடுப்பதை மட்டும் அதற்குப் பிறகு கீழிருந்து மேலே செய்யலாம். பிடுங்கியதைக் கரைக்கு வெளியே, கட்டாந்தரையில் வேர் மேலே பார்க்கக் குவித்து, முறுமுறுவென்று காயும் வரை விடுங்கள். அதன் பால் கண்ணில் படக் கூடாது. ஆடு அதைத் தின்று பழகிவிட்டால் நரம்பு பாதித்து மெலிந்து சாகும், குவியல் பக்கம் விடாதீர்கள்.

வெற்றிலைக்கொடிக்கால்

தீ பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணாச்சி. அப்படியானால் இந்த மரம் காற்றில் உள்ள ஈரத்தையே உறிஞ்சிவிடும், அதனால்தான் மழை இல்லை என்று சொல்வது?

மலையடிவாரம்

அது வாட்ஸப்பில் சுற்றுகிற கதை. காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிற மரம் உலகில் இல்லை. அதன் வேர் ஆழமாக இறங்கி நிலத்தடி நீரை எடுக்கிறது, அடியில் வேறு எதையும் வளர விடுவதில்லை, நீர்வழியை அடைக்கிறது. எடுப்பதற்கு இந்த உண்மையான காரணங்களே போதும். 1877 வாக்கில் சென்னை மாகாணத்தில் வனத்துறை விதை தருவித்து ஊன்றிய மரம். பிற்பாடு விறகுப் பஞ்சத்துக்கு என்று பரப்பினார்கள், பல குடும்பங்கள் அந்த விறகிலும் கரியிலும்தான் பிழைத்தன. 2017இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது ஊர் ஊராக வெட்டினார்கள். வேரை விட்டுவிட்டு வெட்டிய இடங்களில் எல்லாம் இன்று மறுபடி நிற்கிறது.

அதனால் ஊரணிக்கரை, நீங்கள் கேட்ட முக்கியமான கேள்விக்கு என் பதில்: எடுத்த பிறகு வரும் இரண்டு மழைக்காலம்தான் முடிவு செய்யும். மண்ணில் இருக்கும் விதை பத்து வருடம்கூட உயிரோடு கிடக்கும். முதல் மழைக்குப் பிறகு புல் முளைத்த மாதிரிக் கன்று வரும். இரண்டு மூன்று வாரத்தில் விரலால் பிடுங்கலாம். இரண்டு மாதம் விட்டால் ஆணிவேர் முழ ஆழம் இறங்கிவிடும், களைக்கொத்தி வேண்டும். ஒரு வருடம் விட்டால் கடப்பாரை. தீபாவளி முடிந்து ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை, மொத்த நீளத்தையும் நடந்து பார்க்க ஆள் யார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். அதற்கு ஆள் இல்லை என்றால் ஒரே மூச்சில் 700 மீட்டரையும் எடுக்காதீர்கள். பராமரிக்க முடிகிற 200 மீட்டரை மட்டும் எடுத்து அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஆடு மாடு நெற்றைத் தின்றால் விதை சாணத்தோடு முளைக்கத் தயாராக வெளியே வரும். எனவே பாதை ஓரத்தில் கிடை போட வேண்டாம். நெற்றைத் தீவனமாகக் கொடுக்கிறவர்கள் விதையும் நொறுங்கும்படி அரைத்துக் கொடுக்கட்டும்.

வெற்றிடமாக விடாதீர்கள். சீமைக் கருவேலக் கன்றுக்கு வெயில் வேண்டும், நிழலில் ஏங்கிப்போகும். பாதையின் இரு ஓரத்திலும் 15 அடிக்கு ஒன்றாக வேம்பு, புங்கன் கன்றுகளை, ஏற்கெனவே விட்ட நாட்டுக் கருவேலத்துக்கு நடுவே வருகிற மாதிரி நடுங்கள். குழி ஒன்றரை அடி நீள அகல ஆழம். நட்ட கன்றைச் சுற்றிக் காய்ந்த சீமை முள்ளையே வேலியாக வைக்கலாம், நெற்று இல்லாத கிளையாகப் பார்த்து. இடையில் கொழுக்கட்டைப் புல் விதை தூவுங்கள். கால்வாய்க் கரையில் வெட்டிவேர்.

புலப்படம்

ஒரு சேர்க்கை. அன்னிய ஊடுருவல் தாவரங்களை அகற்றி அந்த இடத்தில் நாட்டு மரங்களை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கை வெளியிட்டது. ஊராட்சித் தீர்மானத்தில் அகற்றுவதோடு கன்று நடுவதையும் சேர்த்து எழுதுங்கள். வனத்துறை நாற்றங்காலில் கன்று கேட்க அந்தத் தீர்மான நகல் உதவும்.

ஊரணிக்கரை

அனைவருக்கும் நன்றி. ஊரில் பேசி, ஊருக்கு அருகில் உள்ள 200 மீட்டரை முதலில் எடுப்பதாக முடிவு. விறகு ஏலத்தில், அடிமரம் மூன்றடி விட வேண்டும் என்பதை நிபந்தனையாக எழுதச் சொல்லியிருக்கிறோம். கடைசியாக ஒன்று: பாதையில் கிராவல் எப்போது போடுவது? குழி மூடியதும் போட்டுவிடலாமா?

கண்மாய்மடை

வேண்டாம். ஒரு மழைக்காலம் தாண்டட்டும். குழிகள் அமுங்கும், விடுபட்ட கொண்டைகள் தழைத்துக் காட்டிக்கொடுக்கும். கிராவல் போட்ட பிறகு தோண்டினால் செலவு இரட்டிப்பு. அதுவரை இரும்பு வாரியால் பாதை முழுக்க இரண்டு முறை வாரி, உதிர்ந்த முள்ளை அள்ளிவிடுங்கள், சைக்கிள் போக அதுவே போதும். அடுத்த மாசியில் நடுவில் நான்கு அங்குலம் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிற மாதிரி கிராவல் பரப்பி, தண்ணீர் தெளித்து உருளை ஓட்டுங்கள். பள்ளமான பக்கத்தில் ஒரு மண்வெட்டி அகலத்துக்கு ஓடை எடுத்து, அதை வரத்துக்காலில் சேர்த்துவிடுங்கள்.